எட்டாம் எண் எஞ்சின்

மனிதகுலத்தின் ஒவ்வொரு யுகத்தையும் ஒரு தனிமனிதரின் துணிச்சல்தான் தொடங்கி வைத்திருக்கிறது. டிஜிட்டல் யுகம் ஒரு வீட்டு மாடியறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. கத்தரிக்கோல் அகப்படாததால் வியாழக்கிழமை வரை அட்டைப்பெட்டிக்குள்ளேயே காத்திருந்தது.

அதை வரவேற்றவர் சிற்றுருவ ரயில் கழகத்தின் தலைவர். கழகம் என்றதும் கொடி, கோஷம் என்று யாரும் மிரள வேண்டாம். மொத்தம் இரண்டே உறுப்பினர்கள். ஒருவர் தலைவர், மற்றவர் செயலாளர். தலைவர் நீரேற்று நிலையத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சேதி இன்னும் அவருடைய குரலுக்கு எட்டவில்லை. செயலாளர் அவர் மனைவியின் தம்பி, பல் டாக்டர்.

மாடியறையின் மூன்று சுவர்களையும் ஒட்டி மேசை போட்டு, அதன்மேல் இருவருமாகப் பல வருஷம் பாடுபட்டு ஒரு ரயில் பாதையை உருவாக்கியிருந்தார்கள். இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே ஏரி. ஏரி என்பது தலைவர் மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடி. அது கடனாக வாங்கப்பட்டது என்று கழகமும், களவு போனது என்று அந்த அம்மாளும் சொல்லி வந்தார்கள். பென்சில் பெட்டி அளவில் நாலு எஞ்சின்கள். அதில் பச்சை எஞ்சின் டாக்டருடையது. அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது கழகத்தின் எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் இருந்தது. அது தலைவர் எப்போது பேசினாலும் குறுக்கே பேசக்கூடாது என்பது.

பழைய முறையில் ரயில் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்தால் அதன்மேல் நிற்கிற எஞ்சின் எல்லாமே ஓடிவிடும். அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். ஒரு கை வேகத்துக்கான குமிழைத் திருக வேண்டும், மறு கை வண்டிக்கு முன்னால் போய்ப் போய்ச் சுவிட்ச் தட்ட வேண்டும். இரண்டு வண்டி ஓட நாலு கை வேண்டும். கழகத்தில் சரியாக நாலு கைகள் இருந்தன.

போன மழைக்காலத்தில் அதில் ஒன்று குறைந்தது. டாக்டருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பியது, பேச்சு மெதுவாகத் திரும்பியது, கை திரும்பவில்லை. கிளினிக்கை மூடினார். மூடின கையோடு, அதாவது மூடின இடது கையோடு, தலைவருக்குப் போன் போட்டார்.

“அத்தான், செயலாளர் பதவியிலேர்ந்து நான் விலகிக்கிறேன்.”

“எதுக்கு மாப்ள?”

“ஒத்தக் கையால என்னத்த ஓட்டறது? நீங்க ஓட்டுங்க, நான் பாக்கறேன்னு வந்து உட்கார எனக்குப் பிடிக்கல.”

‘நீ இல்லாமல் நான் மட்டும் எப்படிடா’ என்று சொல்ல நினைத்தார் தலைவர். ஆனால் முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் எந்த அன்பையும் சுற்றறிக்கை இல்லாமல் தெரிவித்ததில்லை. வாயில் வந்தது வேறு.

“ராஜினாமாவ ஏத்துக்கற அதிகாரம் எனக்குக் கிடையாது. பொதுக்குழு கூடித்தான் முடிவு பண்ணணும்.”

“பொதுக்குழுன்னா நாம ரெண்டு பேர்தானே?”

“அதான் சொல்றேன். நீ வராம கூட முடியாது.”

டாக்டர் வரவில்லை. ஆகவே பொதுக்குழு கூடவில்லை. ஆகவே ராஜினாமா ஏற்கப்படவில்லை. தலைவர் இதைத் தன் நிர்வாகத் திறமைக்குச் சான்றாகக் கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியறைக்குப் போய், ஒரே ஒரு வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, சீக்கிரமே கீழே இறங்கி வந்துவிடுவார். தம்பியைப் பார்த்துவிட்டு வந்த மனைவி ஒரு நாள் சொன்னாள்:

“அவன் இப்பல்லாம் டிவியைக்கூடப் போடச் சொல்றதில்லங்க. அணைஞ்ச டிவியையே பாத்துட்டு உக்காந்திருக்கான்.”

அடுத்த வாரந்தான் அட்டைப்பெட்டி வந்தது.

“எதுக்குங்க இப்ப இது?” என்றாள் மனைவி.

“உலகமே டிஜிட்டலுக்கு மாறிட்டிருக்கு. கழகம் மட்டும் பின்தங்கி நிக்க முடியுமா?”

“கழகத்துல யாரு நிக்கிறா? ஒருத்தன் உக்காந்திருக்கான். இன்னொருத்தர் பெட்டியைத் திறக்க வழி தெரியாம முழிச்சிட்டிருக்கார்.”

டிஜிட்டல் முறை எளிமையானது என்று விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. மற்ற நூற்று இருபது பக்கங்கள் அதை மறுத்தன. ஆனால் அடிப்படை எளிமைதான். தண்டவாளம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றிலும் நகத்தளவில் டீகோடர் என்று ஒரு சில்லு. அதற்கு ஒரு எண். கையில் பிடிக்கிற சின்னக் கருவியில் அந்த எண்ணை அழுத்திக் குமிழைத் திருகினால் அந்த எஞ்சின் மட்டும் ஓடும், மற்றவை சும்மா நிற்கும். சுவிட்ச் தட்ட வேண்டாம், அங்குமிங்கும் ஓட வேண்டாம். ஒரு கை போதும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தலைவர் யாரிடமும் சொல்லவில்லை.

சில்லுகளை எஞ்சினுக்குள் வைத்துக் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் வேலை முன்பெல்லாம் டாக்டருடையது. சொத்தைப் பல்லை அடைக்கிற நிதானத்தோடு செய்வார். சமயத்தில் எஞ்சினைப் பார்த்து, “வலிச்சா கையைத் தூக்கு” என்பார். இப்போது தலைவரே இறங்கினார். சாப்பாட்டு மேசையில் இரண்டு கரும்புள்ளி விழுந்தது, கட்டைவிரலில் ஒரு கொப்புளம். முதல் சில்லு புகைந்தது.

“ஐயோ, புகையுதுங்க.”

“எஞ்சின்னா புகையத்தான் செய்யும்” என்றார் தலைவர். இரவல் வாங்கினதுபோல இன்னொரு சில்லை அடக்கமாக எடுத்து வைத்தார்.

அடுத்தது எண் கொடுப்பது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது சில்லுகள் எல்லாவற்றுக்கும் மூன்று என்ற ஒரே எண்தான். பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே பெயர் வைத்து அனுப்பினால் எப்படியோ அப்படி. வாங்குகிறவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கென்று, கட்டளை அனுப்புகிற மின்பெட்டியின் பின்னால் தனியாக இரண்டு வயர் வருகிறது. அதை ஒரு முழத் துண்டுத் தண்டவாளத்தில் இணைத்து, ஒரு சமயத்தில் ஒரே ஒரு எஞ்சினை அதில் நிறுத்தி எண்ணை எழுத வேண்டும். விளக்கப் புத்தகம் இதைத் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தது. தடித்த எழுத்தெல்லாம் அனுபவமில்லாதவர்களுக்கு என்பது தலைவரின் கருத்து.

“ஊருக்கே தண்ணி விட்டவன் நான். என்னை ஒரு முழத் துண்டை வெச்சு விளையாடச் சொல்றான்” என்று சொல்லி, அந்த இரண்டு வயரையும் நேராகப் பெரிய பாதையிலேயே இணைத்தார். நாலு எஞ்சினும் பாதையில் வரிசையாக நின்றன. கறுப்பைப் பார்த்தபடி ஐந்து என்று எழுதினார். நீலத்தைப் பார்த்தபடி ஆறு. சிவப்புக்கு ஏழு. கடைசியாகப் பச்சைக்கு எட்டு. எஞ்சினுக்குக் கண் கிடையாது, யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று அதற்குத் தெரியாது. பாதையில் நின்ற நாலும் ஒவ்வொரு தடவையும் எண்ணை மாற்றிக்கொண்டு, கடைசியில் நாலுமே எட்டாம் எண் ஆகிவிட்டன.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் திறப்பு விழாவுக்கு முன்னால் எதையும் ஓட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்பது அவர் உத்தியோகத்தில் கற்ற பாடம். அப்படித் திறந்த ஒரு நீரேற்று நிலையத்தில் ரிப்பன் வெட்டின பிறகு குழாயில் காற்று மட்டும் வந்தது. அன்றைக்கும் அவர் நன்றாகத்தான் பேசினார்.

வேறு சில வேலைகளும் நடந்தன. மாடிப்படியில் ஏறும்போது வலது பக்கம் மட்டுமே கைப்பிடி இருந்தது. தச்சரைக் கூப்பிட்டு இடது பக்கமும் ஒன்று போடச் சொன்னார்.

“டிஜிட்டலுக்கும் கைப்பிடிக்கும் என்னங்க சம்பந்தம்?”

“ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் பார்வைக்கு அழகு.”

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குத்தல் வரும். வரவில்லை. “தச்சருக்கு டீ போடறேன்” என்று உள்ளே போனாள்.

பிறகு தலைவர் போன் செய்தார். “மாப்ள, ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. உன் ராஜினாமாதான் பொருள். நேர்ல வந்து சொன்னாத்தான் செல்லும்.”

“வந்து சொல்லிட்டா அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டீங்களே?”

தலைவர் போனை மறு காதுக்கு மாற்றினார். “சட்டப்படி அப்புறம் கூப்பிட முடியாது” என்றார்.

“சரி, வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அக்கா வாசலுக்கே வந்தாள். “வாடா தம்பி, இளைச்சுப் போயிட்டே.”

“நீதான்க்கா வாராவாரம் வந்து பாக்கறியே. திடீர்னு இன்னிக்குத்தான் இளைச்சேனா?”

படிக்கட்டில் அவர் ஒரு கணம் நின்றார். புதுக் கைப்பிடியைப் பார்த்தார். வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னாலேயே தலைவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி ஏறினார். கேட்டிருந்தால் சோம்பல் முறிப்பதாகச் சொல்லியிருப்பார்.

மாடியறையில் டாக்டருடைய நாற்காலி இருந்த இடத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. மேசையின் முன்பலகையில் வயர் சொருக இரண்டு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் வயர் வந்து ஒரு கைக்கருவி. டாக்டருக்கான கருவி நாற்காலியின் இடது பக்கமாக, கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொக்கியில் தொங்கியது.

“ஏன் அத்தான், எல்லாமே இடது பக்கம் இருக்கு?”

“டிஜிட்டல்ல அப்படித்தான் மாப்ள.”

டாக்டர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்தார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “செயலாளர் அவர்களே, இந்தப் பொன்னான மாலைப் பொழுதிலே, கழகம் தன் நீண்ட நெடிய பயணத்திலே...”

“உட்காரலாமா, இல்ல நிக்கணுமா?” என்றாள் கதவருகே நின்ற மனைவி.

“பார்வையாளர் பேசக் கூடாது.” பேச்சு தொடர்ந்தது. மின்சாரம் கண்டுபிடித்த காலத்திலிருந்து ஆரம்பித்து வெகுநேரம் கழித்து இந்த வருஷத்துக்கு வந்து சேர்ந்தார். முடிவில் மூக்குக்கண்ணாடி இல்லாமலே தன் கருவியில் ஐந்தை அழுத்திக் குமிழைத் திருகினார்.

எதுவும் அசையவில்லை.

இன்னும் திருகினார். கறுப்பு எஞ்சின் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

“விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை” என்றார் உடனே. “மாப்ள, நீ ஓட்டு. உன் பச்சைக்கு எட்டு.”

டாக்டர் கருவியை இடது கையில் எடுத்தார். கட்டைவிரல் தயங்கியது. கிளினிக்கை மூடின பிறகு அந்தக் கை எந்த வேலையையும் தானாகத் தொடங்கியதில்லை. எட்டை அழுத்தினார். குமிழை மெல்லத் திருகினார்.

பச்சை எஞ்சின் கிளம்பியது. கூடவே கறுப்பும் நீலமும் சிவப்பும் கிளம்பின. நாலும் ஒரே மாதிரி, ஒரே மிடுக்கோடு, ஊர்வலம் போல. ஆனால் ஊர்வலம் என்றால் ஒரே திசையில் போகும். நீலம் திரும்பி நின்றிருந்ததால் எதிரே வந்தது.

“நிறுத்து மாப்ள.”

“எதை அத்தான்?”

“எல்லாத்தையும்.”

அதற்குள் தலைவர் கருவியோடு மேசையோரமாகப் பாலத்தை நோக்கி ஓடினார். பாலத்தின்மேல் நீலமும் சிவப்பும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டன. சிவப்பு சரிந்து ஏரியில், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடியில், குப்புற விழுந்தது. கறுப்பு ஸ்டேஷனைத் தாண்டிப் போய்ப் பச்சையின் முதுகில் இடித்து நின்றது. மனைவி முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“என் கண்ணாடி உடையல” என்றாள். “இனிமே இது கழகத்துக்கே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்.”

தலைவருக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. பொதுக்குழு முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் டாக்டருக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்தார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததால் சிரிப்பு வெளியே வர வழி தேடி, மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் வந்துகொண்டிருந்தது.

“அத்தான்... எல்லாத்துக்கும்... எட்டுன்னு பேர் வெச்சிருக்கீங்க.”

“அது வந்து... ஒற்றுமை...”

“பெரிய பாதையிலயே வெச்சு எழுதினீங்களா?”

தலைவர் ஏரியில் கிடந்த சிவப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“அந்த முழத் துண்டு எங்க?”

மனைவி அதை அலமாரிக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் விளக்கப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டார். பக்கம் திரும்பாமலிருக்கத் தலைவர் ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு வேலை தானாகவே பங்கு பிரிந்தது. தலைவர் ஒரு எஞ்சினை எடுத்துத் துண்டில் வைப்பார், டாக்டர் இடது கட்டைவிரலால் எண்ணை எழுதுவார், தலைவர் எடுத்துப் பெரிய பாதையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கொண்டுவருவார். நீலத்தின் சக்கரம் தண்டவாளத்தில் சரியாக உட்காரவில்லை.

“இந்தப் பக்கம் பிடிங்க. அழுத்தாதீங்க, பல்லா புடுங்கறீங்க?”

“எல்லாம் எனக்குத் தெரியும்.”

“தெரியும்னா கை ஏன் நடுங்குது?”

டாக்டர் தன் இடது கையால் அவருடைய மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நின்றதும் சக்கரம் உட்கார்ந்தது. கை உடனே விலகவில்லை. அவர்கள் இருவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டைவிரல்ல என்ன கொப்புளம்?”

“சும்மா, எண்ணெய் பட்டுடுச்சு.”

“என்னிக்கு சமையல்கட்டுப் பக்கம் போனீங்க?” என்றாள் மனைவி.

வண்டி ஓட்டம் ஆரம்பமாயிற்று. பச்சையை டாக்டரும் கறுப்பைத் தலைவரும் எதிரெதிர்த் திசையில். பச்சை பாலத்தில் ஏறும்போது கறுப்பு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். தலைவர் எழுந்து நின்று, கருவியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, குமிழைத் திருகினார். கறுப்பு சற்றே யோசித்துவிட்டுக் கிளம்பியது.

“பாத்தியா மாப்ள, கட்டளை போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அதான் டிஜிட்டல்.”

“ஆமா அத்தான்.” டாக்டர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப வேகத்தைக் குறைக்கிறீங்களா?”

“குறைக்கிறேன்.”

கறுப்பு வேகம் குறைந்தது.

“ஸ்டேஷன்ல நிறுத்துவீங்களா, தாண்டிப் போவீங்களா?”

“நிறுத்துவேன். எனக்கென்ன அவசரம்.”

நின்றது. பிளாட்பாரத்துக்கு மிகச் சரியாக. தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் செயலாளர் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. உடம்பு படுத்தியும் பணிவு போகவில்லை, பாவம். ஒரே ஒரு விஷயந்தான் உறுத்தியது. ஒரு வண்டியை ஓட்டுவதற்கு டாக்டரின் கட்டைவிரல் ஓயாமல் பட்டன்களில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் பழக வேண்டும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். தன் கருவியின் சின்னத் திரை இருட்டாக இருந்ததையும் கவனித்தார். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருப்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தபோது டாக்டர் கருவியைக் கொக்கியில் மாட்டினார். முகம் சிவந்து, நெற்றியில் வேர்த்திருந்தது. கடின வேலை முடித்தவர் போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அத்தான், பொதுக்குழுவில ஒரு பொருள் பாக்கியிருக்கே.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாயிடுச்சு மாப்ள. ஒத்திவைக்கலாம்னு நினைக்கிறேன்.”

“எதுவரைக்கும்?”

“அடுத்த ஞாயிறு.”

“அன்னிக்கும் நேரமாயிடுச்சுன்னா?”

“அதுக்கடுத்த ஞாயிறு.”

டாக்டர் யோசித்தார். “சரி. தீர்மானத்தை நான் வழிமொழியறேன்” என்றார்.

கீழே இறங்கும்போது எதிர்ப்பக்கத்துப் பழைய கைப்பிடியே அவருடைய இடது கைக்கு வாகாக வந்தது. ஆட்டோ கிளம்பும்வரை தலைவர் வாசலில் நின்றார். பிறகு மாடிக்குத் திரும்பி வந்தார். மனைவி டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சுற்றறிக்கை இல்லாமலே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு.

“நல்லா ஓட்டினான் இல்ல?”

“நல்லா ஓட்டினான்.”

“நானும் மோசமில்ல. ஸ்டேஷன்ல நிறுத்தினேன் பாத்தியா? நூல் பிடிச்ச மாதிரி.”

“பாத்தேன். இது என்னங்க, கால்ல சிக்குது?”

தலைவர் குனிந்து பார்த்தார். அது அவருடைய கைக்கருவியின் வயர். வண்டிகள் முட்டிக்கொண்டபோது மேசையோரமாக ஓடினாரே, அப்போது பிடுங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அது எதிலும் சொருகப்படவில்லை.